ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கம்

போன மாதம் நம்மில் ஒருவரின் மகளுடைய கல்யாணத்தில் சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்த நாம் எல்லோரும் ஒரே மேசையில் அகப்பட்டபோது, நீங்கள் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தீர்கள். "உங்கட அப்பாவின்ர சிவப்புக் கார், அப்பப்பா, என்ன சத்தம், என்ன வடிவு" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்புப் போட்டீர்கள். தலைக்கு மை பூசி, முழங்காலுக்குத் தைலம் தடவுகிற வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லோருடைய முகமும் மலர்ந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே பாயசத்தைக் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காரின் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பயம்தான். நீங்கள் அதை வெளியில் நின்று பார்த்தவர்கள். நான் அதற்குள் இருந்தவள். அதுவும் முன்னால், வலப்பக்கத்தில்.

அது அமெரிக்கக் கார். எந்தக் கம்பனி, எந்த மொடல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் இருக்கும் கார்ப் பைத்தியங்கள் கதையை விட்டுவிட்டு எஞ்சினைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவீர்கள். எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, நீண்ட மூக்கு. அவ்வளவு போதும். அமெரிக்காவில் ஓட்டுவதற்காகச் செய்ததால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. ஆகவே இந்த நாட்டில் எல்லாக் கார்களிலும் சாரதி இருக்கும் வலப்பக்கத்தில், எங்கள் காரில் நான் இருந்தேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை, பிறேக் இல்லை, ஒன்றும் இல்லை. எதிரே வருகிறவர்கள், ஒரு சின்னப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவதாக நினைத்துத் திடுக்கிடுவார்கள். நீங்கள் இதைச் சொல்லித்தான் எப்போதும் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கார் எங்களிடம் வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். அப்பா ஊரில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களையெல்லாம் பொறுப்பாகப் பார்த்தவர். இந்த நாட்டுக்கு வந்து டண்டினொங்கில் அவருக்குக் கிடைத்த வேலையில், பெல்ட்டில் வரும் பெட்டிகளுக்கு ஒரே மாதிரியான நட்டை இறுக்க வேண்டும். "அங்கை முழு மெசினையும் கழட்டிப் பூட்டினவன். இஞ்சை ஒரு நட்டோட வாழ்க்கை போகுது" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா ஆஸ்பத்திரியில் வேலை முடித்து வந்து, நின்றபடியே சோறு சாப்பிட்டுக்கொண்டு, "நட்டு எண்டாலும் சோறு போடுது" என்பார். எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிரேக்கக் கிழவர் இருந்தார். அவருடைய மகன் வாங்கிப் போட்டுவிட்டு, நாட்டின் மறுகரையில் இருக்கும் பேர்த்துக்குப் போய்விட்ட கார், அவர் வளவில் அத்திமரத்துக்குக் கீழே உக்கிக்கொண்டு கிடந்தது. கிழவர் வீட்டை விட்டு மகளிடம் போகிற நேரம், அதைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோகட்டும் என்று இருந்தார். அப்பா கேட்டார். கிழவர் இரண்டு கையையும் விரித்து, எடுத்துக்கொண்டு போ என்று காட்டினார். தெருவில் இருந்த ஆண்கள் எல்லாம் கூடித் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கராஜுக்குள் விட்டார்கள்.

எனக்கு அதைக் கண்ட முதல் நாளே பயம். சீற்றுக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. கதவைத் திறந்தால் எலி மூத்திரமும் பழைய பெற்றோலும் ஈரத் துணியும் சேர்ந்த ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும். தரைத் தகடு கறளில் அரித்துப்போய், உள்ளே இருந்து குனிந்து பார்த்தால் கராஜின் சீமெந்து தெரிந்தது. முன் விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பள்ளிக்கூடத்தால் வந்து என் சைக்கிளை எடுக்கக் கராஜுக்குள் போக வேண்டி வந்தால், சுவரோடு ஒட்டிக்கொண்டு போய் வருவேன்.

அப்பாவுக்கோ அன்றிலிருந்து முகத்தில் ஒரு வெளிச்சம். சனி ஞாயிறு விடிந்தால் கராஜ். கறள் பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினார். கார்புரேட்டரைக் கழற்றித் துண்டு துண்டாக்கி அம்மாவின் இட்டலிச் சட்டியில் ஊறப் போட்டார்; அந்தச் சட்டியில் பிறகு இட்டலி அவிக்க முடியவில்லை, அம்மா அதைக் கடைசிவரை மறக்கவும் இல்லை. பெயின்ட் கடையில் நிறம் கேட்டபோது, வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாமல், திரும்பி வந்து அம்மாவின் கூறைச்சேலையை எடுத்துக்கொண்டு போனாராம். நீங்கள் வடிவு என்று சொல்லும் அந்த அரக்குச் சிவப்பு, அம்மாவின் கல்யாணச் சேலையின் நிறம். "ரெண்டையும் ஒண்டா வச்சிட்டீங்கள், இப்ப எதில உங்களுக்கு ஆசை கூட?" என்று அம்மா கேட்டார். அப்பா வெட்கப்பட்டதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

கராஜில் எனக்கு இருந்த வேலை டோர்ச் பிடிப்பது. அப்பா காரை ஜாக்கில் உயர்த்தி, கீழே மரக்குற்றிகளை அடுக்கிவிட்டு, முதுகால் நகர்ந்து உள்ளே போவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் கிடக்கும். அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சித்திரவதை. கார் இறங்கினால் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன், எந்தப் பக்கம் தூக்குவேன் என்றெல்லாம் யோசிப்பேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "அப்பா, இருக்கிறீங்களோ?" என்று கேட்பேன். "ஓம் பிள்ளை" என்று கீழே இருந்து வரும். ஒருநாள் கேட்டேன், பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். கால்கள் அசையவில்லை. நான் போட்ட கூச்சலில் அம்மா அகப்பையோடு குசினியில் இருந்து ஓடிவந்தார். அப்பா வெளியே நகர்ந்து வந்து, வாயில் கடித்துக்கொண்டிருந்த நட்டைக் கையில் துப்பிவிட்டு, "என்ன, வீடு எரியுதோ?" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றையில் இருந்து வாயில் ஏதாவது இருந்தால் ஸ்பானரால் தகட்டில் தட்டிக் காட்டுவார்.

பிறேக் வேலை அதைவிட மோசம். பிறேக் எண்ணெய் போகும் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லுக்குப் பக்கத்தில் கிடந்து திருகாணியைத் திறந்து மூட வேண்டும். இருந்துகொண்டு மிதிக்க என் கால் எட்டாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெடலின் மேல் ஏறியே நிற்பேன். கீழே இருந்து "அமத்து" என்பார், "பிடி" என்பார், "விடு" என்பார். அவர் சொல்லும்முன் விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஏன் விடக்கூடாது என்று எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அப்பா முழுவதையும் சொல்லித் தந்தார்: காற்று உள்ளே போனால் பிறேக் பிடிக்காது, பிறேக் பிடிக்காவிட்டால் கார் நில்லாது. நல்ல விளக்கம்தான். ஒரு சின்னப்பிள்ளைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம். என் கால் கொஞ்சம் வழுக்கினாலும் வீட்டில் எல்லோரும் சாவோம் என்றுதான் அது எனக்கு விளங்கியது.

எஞ்சின் முதல்முறை உயிர் பெற்ற நாளும் மறக்காது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அப்போதுதான் குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் இருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். அதிகம் பேச மாட்டார். குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கராஜில் எஞ்சின் இருமியது, செருமியது, பிறகு பின்குழாயால் ஒரு வெடிச் சத்தம் வந்தது. யன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்கியது. நான் திரும்பிப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. சின்னம்மா மேசைக்குக் கீழே, தலையைக் கையால் மூடிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அப்பா கை எல்லாம் எண்ணெயோடு, "ஸ்டார்ட் ஆகீட்டுது" என்று சிரித்துக்கொண்டு உள்ளே வந்தவர், எங்கள் இருவரையும் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அதன் பிறகு சின்னம்மா இங்கிலிஷ் வகுப்புக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் எஞ்சினைத் தொடுவார். ஆனால் எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளிகள் என்றால் இரண்டு பேர், சின்னம்மாவும் நானும் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது.

இனி என் வலப்பக்கத்து வேலைக்கு வருகிறேன். இந்த நாட்டில் வீதியின் இடப்பக்கத்தால் ஓடுகிறோம். அப்பாவும் காரின் இடப்பக்கத்தில், வேலி ஓரமாக இருந்தார். முன்னால் ஒரு பெரிய வாகனம் போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்பது அவருக்கு ஒரு துளியும் தெரியாது. வலப்பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அம்மாவைத்தான் இருத்தினார். "வருதோ?" என்று அப்பா கேட்டதும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "முருகா" என்றார். இரண்டாம் முறையும் முருகா. காரை வீட்டுக்குத் திருப்பிய அப்பா, "முருகனை முன்னால இருத்தலாம், இவவை ஏலாது" என்று சொல்லி, அடுத்த முறை என்னை இருத்தினார்.

எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சின்னத் தெருக்களில் அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் வான் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போவதற்கு, "வருதோ பிள்ளை?" என்பார். பக்கத்தில் வருவது எனக்குத் தெரியும், சொல்லுவேன். பெரிய வீதிக்கு வந்தால்தான் எனக்குப் பயம் தொடங்கும். எனக்கு வீதி கொஞ்சத் தூரம் வரைக்கும் வீதியாக இருக்கும். அதற்குப் பிறகு சாம்பல் நிறத்தில் கரைந்துபோய்விடும். அந்தக் கரைசலுக்குள் இருந்து திடீர் திடீரென்று வாகனங்கள் பிறந்து வரும். எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆகவே எப்போது கேட்டாலும், "நில்லுங்கோ அப்பா" என்பேன். அவர் நிற்பார். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். "வருதோ?" "நில்லுங்கோ." "இப்ப?" "நில்லுங்கோ." அப்பா பெருமூச்சு விடுவார். "ஒரு பூச்சியும் இல்லாத ரோட்டில நில்லுங்கோ எண்டு சொல்லுறாய். ஏன் பிள்ளை உனக்கு இவ்வளவு பயம்?" என்பார். 

இப்போது யோசித்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது. ஒருவருக்கும் ஏன் படவில்லை? பள்ளிக்கூடத்தில் டீச்சர், இங்கிலிஷ் சரியாக வராத பிள்ளை என்று இரக்கப்பட்டு என்னை முதல் வரிசையில், போர்டுக்குக் கிட்ட இருத்தியிருந்தார். வீட்டில் நான் டிவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்தால், "கிட்ட இருந்து பாத்தால் கண் கெட்டுப் போகும்" என்று அம்மா பிடித்து இழுத்துத் தூரத்தில் விடுவார். தூரத்தில் இருந்து எனக்கு நிறங்கள் மட்டும் அசையும். நான் எழும்பிப் போய்விடுவேன். "டிவி பாக்காத பிள்ளை" என்று அம்மா ஆஸ்பத்திரியில் சொல்லிப் பெருமைப்பட்டாராம். மூன்று பெரிய ஆட்கள் இருந்த வீடு. மூன்று பேரும் என்னைப் பார்த்தது பயந்த பிள்ளையாக மட்டும்தான்.

காருக்குப் பூசை செய்கிற நாள் வந்தது. டண்டினொங்குக்குத் தெற்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த கோயிலுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். அந்த நாளில் அங்கே போகும் வீதி இப்போது போல அகலம் இல்லை, போவதற்கு ஒரு வரிசை, வருவதற்கு ஒரு வரிசை. ஞாயிற்றுக்கிழமை. கோயில் மத்தியானம் பூட்டி, நாலு மணிக்குத்தான் திறக்கும். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்று ஊரில் இருந்து வந்த கலண்டரில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் எலுமிச்சம்பழத்தைச் சில்லால் நசித்துவிட வேண்டும் என்று அம்மா ஒரே பிடி. "இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரை ராகுகாலத்தில பூசைக்குக் குடுக்கிறதோ?" என்றார். வெளிக்கிடும் நேரத்தில் எஞ்சின் முரண்டு பிடித்தது. பெற்றோல் அதிகமாக ஏறிவிட்டது என்று அப்பா மூடியைத் திறந்து காயவிட்டார். பட்டுச் சேலையோடு அம்மாவும் சின்னம்மாவும் பின் சீற்றில் ஏறி இருந்தார்கள். கைமணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்க அம்மாவின் முகம் சுருங்கியது.

கடைசியில் கார் ஓடத் தொடங்கியபோது அப்பா என்னைப் பார்த்து, "இண்டைக்கு நல்ல நாள். அழாமல், நடுங்காமல், உள்ளதைச் சொல்லு. வந்தால் வருது எண்டு சொல்லு. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. சும்மா சும்மா நில்லுங்கோ எண்டு சொல்லாதை. என்ன?" என்றார். நான் "ஓம்" என்றேன். மனதுக்குள் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

கோயில் வீதிக்குத் திரும்பியதும் எங்களுக்கு முன்னால் ஒரு மணல் லொறி அகப்பட்டது. ஆமை வேகம். மேலே மூடாமல் விட்ட மணல் காற்றில் பறந்து எங்கள் பொனற்றில் விழுந்தது. சரசரவென்று அந்தச் சத்தம். ஒவ்வொரு மணலும் தன் தோலில் பட்டது மாதிரி அப்பா நெளிந்தார். பின்னால் இருந்து அம்மா, "நேரம் போகுதப்பா" என்றார். அப்பா காரை வெள்ளைக் கோட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, பார். வருதோ?"

பார்த்தேன். வீதி எப்போதும் போலக் கொஞ்சத் தூரம் போய்ச் சாம்பலுக்குள் கரைந்தது. "நில்லுங்கோ" நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். உள்ளதைச் சொல் என்றாரே. மறுபடியும் பார்த்தேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

"ஒண்டும் வரேல்லை அப்பா."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். போங்கோ."

அப்பா மிதித்தார். அந்த எஞ்சின் முழு மூச்சோடு பாய்ந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. லொறியின் பெரிய சில்லுகள் அப்பாவின் பக்கத்தில் உருண்டன. அப்போது எனக்கு முன்னால் இருந்த சாம்பலுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டானது. அதைச் சுற்றி ஒரு முகம் உண்டானது, வெள்ளை நிறத்தில், வீடு அளவு. ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது. எனக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு காலாலும் வெறுந்தரையை மிதித்தேன், அங்கே பிறேக் இருப்பது போல.

அப்பா உண்மையான பிறேக்கை மிதித்தார். கார் ஒரு பக்கம் இழுத்தது, ரயர் அலறியது, மணல் லொறி முன்னால் நழுவிப் போக நாங்கள் அதன் பின்னால் வந்து விழுந்தோம். எதிரே வந்த லொறி என் யன்னலுக்குப் பக்கத்தால் போனது. யன்னல் நிறைய இரும்பு மட்டும்தான். அதன் காற்றில் எங்கள் கார் ஆடியது. பிறகு அது போய்விட்டது, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டே.

அப்பா காரைப் புல்லில் இறக்கி நிறுத்தினார். அவர் கோபத்தில் கத்தி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. "லைட்டையும் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரத்தில இருந்து வந்தவன். பாத்தனி எண்டு சொன்னாயே. அவ்வளவு பெரிய லொறியை நீ காணேல்லையோ?"

 அவர் கேட்டது எனக்கு விளங்கவே இல்லை. "கிட்ட வந்தாப் பிறகுதானே அப்பா லொறி தெரியும்" என்றேன்.

 பின் சீற்றில் இருந்து சின்னம்மா முன்னால் குனிந்தார். நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் அமைதியாக இருந்தார். என் தோளைப் பிடித்து வயல் பக்கம் திருப்பி, "அங்கை வேலியடியில நிக்கிற மாடு என்ன நிறம், பிள்ளை?" என்று கேட்டார்.

"எந்த மாடு?" என்றேன்.

"அத்தான், பிள்ளைக்குக் கண் தெரியாது" என்றார் சின்னம்மா.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். வேலி வரைக்கும் போய், அந்த மாட்டுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னால் அவரைத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. பச்சைக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டி மட்டும் அசைந்தது. அம்மா என்னைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டுச் சேலை கசங்கும் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கூட்டில் நாலரை தாண்டிவிட்டது. அம்மா அழுதுகொண்டே, ராகுகாலம் பிறந்துவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று ஐயரிடம் சொன்னார். ஐயர் கையில் எலுமிச்சம்பழத்தோடு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "போன கிழமை கோடைகாலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவையெல்லே அம்மா? ராகு சூரியனைப் பாத்துத்தான் வாறவர், மணிக்கூட்டைப் பாத்தில்லை. இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. ஆறுதலா வாங்கோ" என்றார். இயந்திரங்களைக் கரைத்துக் குடித்த அப்பாவுக்கும் அது தோன்றவில்லை. அந்த மணல் லொறியின் பின்னால் நாங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.  சில்லுகளுக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்களை நசிப்பதற்கு அப்பா காரை முன்னால் எடுத்தபோது, வலப்பக்கத்து சீற்றில் ஒருவரையும் இருக்க விடவில்லை.

அடுத்த கிழமையே எனக்குக் கண்ணாடி வந்தது. போத்தல் அடி போல மொத்தக் கண்ணாடி; அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்களும் அந்தக் கல்யாண மேசையில் இருந்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று முதல்முறையாக எங்கள் காரை முழுதாகப் பார்த்தேன். கதவின் மேல் பெயின்ட் அலை அலையாக இருந்தது. ஒரு பக்கத்துத் தகடு மற்றதைவிடக் கொஞ்சம் வீங்கியிருந்தது. அப்பாவின் கைவேலையில் பிழை இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அதைவிட, பயம் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள், வீதியைப் பார்த்தபோது எனக்குக் கூடியது. இவ்வளவு வாகனங்கள், இவ்வளவு தூரத்தில் இருந்து, இவ்வளவு வேகத்தில் எங்களை நோக்கி வந்துகொண்டா இருந்தன? நான் சொன்ன அத்தனை "நில்லுங்கோ"வும் சரியாகவே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

கார் கொஞ்சக் காலம் கராஜிலேயே நின்றது. அப்பா அதைத் துடைப்பார், எஞ்சினைச் சின்னதாக ஓடவிட்டு நிறுத்துவார், பூட்டுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் திருவிழாவோ என்னவோ, அம்மாதான் "அந்தக் காரிலயே போவம்" என்றார். அம்மா என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது. அப்பா தயங்கினார். நான் போய் வலப்பக்கத்தில் ஏறி இருந்தேன். எனக்கும் பயம்தான், ஆனால் அப்பா என்னைப் பின்னுக்குப் போ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவர் சொல்லவில்லை.

அதே வீதி. கோயிலுக்குப் பாதித் தூரத்தில் முன்னால் ஒரு லொறி. இம்முறை வைக்கோல் கட்டுகள். வைக்கோல் துண்டுகள் பறந்து வந்து எங்கள் காரின் முன்கண்ணாடியில் ஒட்டின. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். வீதி நேராக, சுத்தமாக, முடிகிற இடத்தில் நிற்கும் மரங்கள் வரைக்கும் தெரிந்தது. மரத்தடியில் இருந்த தபால் பெட்டியும் தெரிந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை.

"அப்பா, ஒண்டும் வரேல்லை. போங்கோ" என்றேன்.

அப்பா போகவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் என்னை இனி நம்ப மாட்டார் என்று நினைத்தேன். "உண்மையாத்தான் அப்பா. எனக்கு இப்ப கடைசி மட்டும் தெரியுது. அங்கை ஒரு தபால் பெட்டி நிக்குது. அதுக்கு இஞ்சாலை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட பிறகு, கார் ஓட்டும்போது அப்பாவின் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மேல் உதட்டில் வேர்வை பூத்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களில் இரத்தமே இல்லை. 

"தெரியும் பிள்ளை. நீ சரியாத்தான் சொல்லுறாய்" என்றார். வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எனக்குத்தான் பயமாக் கிடக்கு" என்றார்.

பின் சீற்றில் அம்மாவும் சின்னம்மாவும் அதைக் கேட்டிருப்பார்கள். ஒருவரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் வீதி வெறுமையாகவே கிடந்தது. கோயில் வரும்வரைக்கும் நாங்கள் அந்த வைக்கோல் லொறியின் பின்னாலேயே போனோம்.